பள்ளிக்கூடத்தில் போட்ட வயசு

1

போன வாரம் என் மூளையை மூன்றாவது தடவையாகப் படம் எடுத்தார்கள்.

பதறாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றுதான் போன வருஷம் சொன்னார்கள். அந்த ஒன்றுமில்லையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பர்மிங்காமில் நான் இருக்கும் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. ஞாபகம் தேய்ந்துபோகிற வியாதி வந்தவர்களின் கூடப்பிறந்தவர்களை அழைத்து, அவர்கள் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே, வருஷா வருஷம் மூளையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இந்த வியாதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே உள்ளே வேலையைத் தொடங்கிவிடுமாம். அந்தத் தொடக்கம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக. எனக்கு ஒரே அண்ணன். அவருக்கு அந்த வியாதி. அதனால் நான்.

அங்கே போனால் பிறந்த தேதியை மூன்று பேர் கேட்பார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர், ஊசி போடுகிற நர்ஸ், மெஷின் அறைக்குள் விடுகிறவர். ஆள் மாறிப்போகக் கூடாது என்பதற்காக. நானும் தயங்காமல் சொல்லிவிடுவேன். ஜூன் மாதம் ஒன்றாம் தேதி.

என் வயசுக்காரர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்திருக்கும். நம் பக்கம் வகுப்புக்குப் பத்துப் பேராவது ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தானே. பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் வாத்தியார் கையால் பிறந்தவர்கள்.

இந்தத் தடவை இரண்டு பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆள் கேட்டபோது வாய் வரவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கும்பகோணத்தில் ஹோட்டல் அடுப்படியில் தொடங்கி, சிங்கப்பூரில் கொஞ்ச காலம், பிறகு இங்கே தோசைக் கல்லுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவதால் ஏதாவது வில்லங்கம் வருமோ என்றும் எனக்கு ஒரு கவலை. என் வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"எழுதறதுன்னா எழுதுங்க. பேரைப் போடாதீங்க. எழுதாட்டி அதுக்கும் ஒரு வாரம் புலம்புவீங்க" என்றாள்.

பேர் போடவில்லை.

2

அண்ணன் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் மதகுகளை ஏற்றி இறக்குகிற வேலை. எங்கள் ஊர் திருவிடைமருதூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீரசோழன் ஆற்றிலிருந்து எங்கள் பக்கம் வரும் வாய்க்காலில் அண்ணன் கைக்கு ஏழு மதகுகள். எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர், எந்த மதகின் பலகை இறுகியிருக்கிறது, எந்தக் கடைமடைக்காரர் சண்டைக்கு வருவார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. நோட்டு வைத்துக்கொண்டதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், சம்பா அறுப்புக்குத் தயாராக நிற்கும் நேரத்தில், இறக்கியிருக்க வேண்டிய ஒரு மதகை அவர் முழுக்க ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது. அறுப்பு மெஷின் இறங்க முடியாது. ஊரே வீட்டு வாசலில் நின்றது.

"குடிச்சிட்டுத்தானய்யா இந்த வேலையப் பண்ணுன?"

அண்ணன் வாழ்க்கையில் குடித்ததில்லை. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. "இன்னிக்கு நடவுக்குல்ல தண்ணி கேட்டாங்க" என்று மறுபடி மறுபடி சொன்னாராம். நடவு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அண்ணி போனில் அழுதபோது நானும் குடியென்றுதான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அண்ணி, யாரோட சேர்றாருன்னு பாருங்க" என்று இங்கிருந்து புத்தி சொன்னேன். அடுத்த ஒன்றரை வருஷம் அவரை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. திட்டினோம். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள், பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலுக்குக் கயிறு கட்ட அழைத்துப் போனார்கள். ஒருநாள் அவர் அண்ணியையே பார்த்து, "அம்மா எங்கங்க போயிருக்காங்க?" என்று மரியாதையாகக் கேட்ட பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனார்கள்.

அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பெரிய பழுப்பு உறையில் கறுப்புப் படத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணி அதை வீடியோவில் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் இரண்டு கறுப்புப் பள்ளம். பள்ளம் பெரிதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள சதை குறைந்துவிட்டது என்று அர்த்தமாம். டாக்டர் அண்ணியிடம் சொன்னது இதுதான்: "இது குடியும் இல்லம்மா, பேயும் இல்ல. இவர் வேணும்னு செய்யல."

அண்ணி அந்த உறையைச் சாமி அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யாராவது பழைய கதையை எடுத்தால், எடுத்துவந்து காட்டுவார். "பாருங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிப் படம். குடியாம்ல குடி."

3

என்னை இந்த ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டவள் என் மகள் அபி. பெயர் அபிராமி. இங்கே யாருக்கும் அவ்வளவு நீளம் வராது என்று அவளே குறைத்துக்கொண்டாள். நாலு வயசில் வந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. பெரியப்பாவை அவள் நேரில் பார்த்தது மொத்தமே ஐந்து தடவை இருக்கும். வீடியோவில் "நல்லா இருக்கீங்களா பெரியப்பா" என்பாள். அவர் "நல்லா இருக்கேங்க" என்பார். அதோடு போனை என்னிடம் தந்துவிடுவாள்.

பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருநாள் வேலைவிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அப்பா, பெரியப்பாக்கு வந்தது உங்களுக்கும் வருமா?"

"தெரியலியேம்மா."

"உங்களுக்கு வந்தா எனக்கும் வருமா?"

நான் தோசை மாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடியை மூன்று தடவை திறந்து மூடினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் தேடி என் பெயரைக் கொடுத்தாள்.

பதினாறு பக்கம் கேள்வி. எத்தனை வருஷம் படித்தீர்கள், தலையில் அடிபட்டிருக்கிறதா, தூக்கம் எப்படி, உடம்புக்குள் இரும்பு உண்டா. அபி கேட்டுக் கேட்டு நிரப்பினாள். உலோகம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். மோதிரம், கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

மெஷின் அறை வாசலில் ஒரு நர்ஸ் கையில் ஒரு கருவியை வைத்து என் உடம்பைத் தடவினாள். இடுப்புக்கு வந்ததும் கூவியது. மறுபடி தடவினாள். மறுபடி கூவியது. வயிற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அரைஞாண் கயிறும் அதில் கோத்த தாயத்தும் என் நினைவுக்கே வரவில்லை. சின்ன வயசில் கட்டியது. கயிறு மாறும், தாயத்து மாறாது. நம் ஊரில் அதை யாராவது நகையென்று கணக்கில் வைப்பார்களா? தொப்புளை மாதிரி அதுவும் உடம்பில் ஒன்று.

நர்ஸுக்கு அது என்னவென்று சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. "பேபி டைம்... மை மதர்... நோ பயம்" என்றேன். அவள் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துவந்து என்னிடமே கொடுத்தாள். நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று திரும்பி நின்றுகொண்டாள். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். வீட்டில்தான் திட்டு. "வெறும் இடுப்போட வந்து நிக்கறீங்களே" என்று என் வீட்டுக்காரி அன்றைக்கே கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். தாயத்து அலமாரியில் இருக்கிறது.

இரண்டு வகைப் படம். ஒன்று காந்த மெஷின். அது மூளையின் அளவை, உள்ளே உள்ள ஒவ்வொரு பகுதியின் கனத்தை எடுக்கும். காதின் உட்பக்கம், இரண்டு பக்கமும், சுண்டுவிரல் அளவில் வளைந்த ஒரு இடம் இருக்கிறதாம். அன்றன்றைக்கு நடப்பதை ஞாபகமாகச் சேர்த்து வைப்பது அதுதான். இந்த வியாதி முதலில் கை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். இன்னொன்று பெட் ஸ்கேன். "அது கேன்சருக்குல்ல எடுப்பாங்க" என்று என் வீட்டுக்காரி பயந்தாள். இதற்கும் எடுக்கிறார்கள். கையில் ஒரு மருந்தை ஏற்றி ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். மூளையில் கசடு படிந்திருந்தால் மருந்து அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றுமில்லை.

அந்த ஒரு மணி நேரம் என்னை மாதிரி ஆளுக்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா என்று நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

4

முதல் வருஷம் ஒரு தாளில் கேட்டார்கள். உங்கள் படத்தில் தெரிவதை உங்களுக்குச் சொல்லவா, வேண்டாமா? வேண்டாம் என்று போட்டேன். அபி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வருஷம் அவளுக்காகச் சரி என்று போட்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நானும் அபியும் அவருக்கு எதிரே உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்ட படத்தைக் காட்டினார். ஒவ்வொரு வயசிலும் அந்த வளைந்த இடம் குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கான கோடு. வயசு ஏற ஏறக் கோடு இறங்குகிறது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தேயும், அது இயற்கை. என்னுடையது ஒரு புள்ளி. அது கோட்டை ஒட்டி, கொஞ்சம் மேலே, உள்ளே இருந்தது.

"மருந்து ஒட்டினதும் ரொம்பக் கொஞ்சம்தான். அறுபது வயசு ஆளுக்கு இது சரிதான்னு சொல்றார் அப்பா. ஓரத்துல இருக்கு, ஆனா உள்ளதான்" என்று அபி எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். எட்டாவது படிக்கும்போது கடைசியாகச் சாய்ந்தது என்று நினைக்கிறேன்.

அவள் தலை என் தோளில் இருக்கும்போதுதான் எனக்குள் அது எழுந்தது. அறுபது என்று யார் சொன்னது?

இனி அந்தக் கதை. எனக்கு நேராக ஞாபகமிருப்பது காது வலித்தது ஒன்றுதான். மீதி எல்லாம் அண்ணன் சொல்லிக் கேட்டது.

அண்ணன் அப்போது இரண்டாம் வகுப்பு. நடவுக் காலம். அம்மா விடியும் முன்பே வயலுக்குப் போய்விடுவாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அண்ணனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் பார்த்தார் அப்பா. அண்ணன் ஒரே அழுகை. கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். சின்னவனையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது. எனக்கு மூணு வயசு இருக்கும், இன்னும் குறைச்சலாகவும் இருக்கலாம். அஞ்சு முடிய வேண்டும் என்பது சட்டம். பிறந்த சான்றிதழ் யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு என்று அர்த்தம்.

எனக்கு எட்டவில்லை. அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, ஹெட்மாஸ்டர் நோட்டைப் பிரிக்கும் நேரத்தில், ஒரு கையால் என் தலையை அழுத்திப் பிடித்து, இன்னொரு கையால் என் காதை மேலே இழுத்து விரலில் தொடவைத்தாராம். "தலைய ஆட்டாதடா சின்னவனே" என்று காதுக்குள் சொன்னாராம். ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து, "எத்தனை வயசு?" என்று அண்ணனையே கேட்டிருக்கிறார். அப்பா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அஞ்சு முடிஞ்சிடுச்சு சார்."

ஜூன் ஒன்று.

அதன் பிறகு எட்டு வருஷமும் வகுப்பிலேயே நான்தான் பொடியன். எதுவும் ஏறவில்லை. மக்கு என்றார்கள், நானும் நம்பினேன், நின்றுவிட்டேன். அந்த டி.சி.யில் இருந்த தேதிதான் பாஸ்போர்ட்டுக்குப் போனது, சிங்கப்பூருக்குப் போனது, இங்கே குடியுரிமைக்கு வந்தது, கடைசியில் இந்த மெஷினுக்குள்ளும் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கோட்டில் என் புள்ளி அறுபதில் நின்றால் ஓரத்தில் உள்ளே. ஐம்பத்தெட்டில் நின்றால், அங்கே கோடு இன்னும் மேலே அல்லவா இருக்கும்? ஐம்பத்தேழில் நின்றால்? தோளில் சாய்ந்திருக்கும் அபியின் தலையை எழுப்பாமல் இதை எப்படிச் சொல்வது?

5

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ரெண்டு வருஷத்துல என்ன ஆயிடப்போவுது? எல்லாருக்கும்தான் ஸ்கூல்ல வயசு மாத்திப் போட்டாங்க. போய் அந்த மாவ ஆட்டுங்க" என்றாள். ஆனால் அன்றையிலிருந்து நான் சாவியைத் தேடினாலும், உப்பை மறந்தாலும் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

எத்தனை வருஷ வித்தியாசம் என்பதாவது உறுதியாகத் தெரிந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அம்மா இருந்தவரை அண்ணனுக்கும் எனக்கும் நாலு வருஷம் என்பாள். இன்னொரு நாள் அஞ்சு என்பாள். அப்பாவும் இல்லை. அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்களில் மிச்சம் இருப்பது அண்ணன் ஒருவர்தான். பழைய ஞாபகம் கடைசியில்தான் போகும் என்று நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் தை மாதம் ஊருக்குப் போனேன்.

பேன்ட், சட்டை, கண்ணாடியோடு வாசலில் போய் நின்றேன். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"வாங்க சார். ஷட்டர்லாம் கிரீஸ் போட்டாச்சு சார்."

"இன்ஜினியர்னு நெனச்சிட்டாரு தம்பி. பேன்ட் போட்டு யாரு வந்தாலும் இப்படித்தான்" என்றார் அண்ணி. "நீங்க உள்ள வாங்க. காப்பி குடிங்க."

அன்றைக்குச் சாயங்காலமே கைலிக்கு மாறினேன். மூன்று நாள் கூடவே இருந்தேன். சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன். என்னைச் சில சமயம் "என்னங்க" என்றார், சில சமயம் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் நாலு மணிக்கு மதகுப் பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் வாசல் கதவைப் பிடித்து ஆட்டுவார். அண்ணிதான் தினமும் கையைப் பிடித்து அழைத்துப்போவார். இப்போது அந்த மதகுக்கு வேறு ஆள். நல்ல பையன். அண்ணன் வந்தால் சக்கரத்தில் கை வைக்க விடுவான். பூட்டியிருக்கும் சக்கரம்தான். அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்காம் நாள் நானும் போனேன். சுற்றிலும் அறுப்பு முடிந்த வயல். மெஷின் சத்தம் தூரத்தில். கேட்டேன்.

"அண்ணே, சின்னவன ஸ்கூல்ல சேத்தீங்களே, ஞாபகமிருக்கா?"

திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ வந்தது.

"காதத் தொட வச்சீங்களே. அப்ப அவனுக்கு நெசமா எத்தனை வயசு?"

சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். மார்பில் கட்டிக்கொண்டார். அறுபத்து மூன்று வயசு ஆள், முதுகை நிமிர்த்தி நின்றார்.

"அஞ்சு முடிஞ்சிடுச்சு சார்."

"இல்லண்ணே, இங்க சார் யாரும் இல்ல. நான்தான் சின்னவன். என்கிட்ட சொல்லலாம். மூணா, ரெண்டரையா?"

"அஞ்சு சார். அஞ்சு முடிஞ்சிடுச்சு." குரல் உடைந்தது. "சேத்துக்குங்க சார். வீட்ல பாத்துக்க ஆள் இல்ல சார். அவன வுட்டுட்டு நான் எப்படி சார் வர்றது?"

அண்ணி வந்து அவர் முகத்தை முந்தானையால் துடைத்தார். "என்ன தம்பி கேட்டீங்க அவர?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். அண்ணனின் கட்டிய கையை அவிழ்க்க முயன்றேன். அவர் விடவில்லை. அப்போது நான் செய்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஹெட்மாஸ்டர் குரலில், "சரிப்பா, சேத்துக்கிட்டேன். போய் உக்காரு" என்றேன்.

கையைத் தொங்கவிட்டார். வீடு வரை என்னோடு நடந்து வந்தார்.

6

ஊரிலிருந்து வந்து ஒரு மாதம், இதை யாரிடமும் பேசவில்லை. கவலை மட்டும் வேலை பார்த்தது. தேதி தப்பு என்று சொன்னால் பாஸ்போர்ட்டைப் பிடுங்குவார்களா, நாளைக்கு வரவேண்டிய பென்ஷன் நிற்குமா, அபியின் குடியுரிமைக்கு ஏதாவது ஆகுமா? சொல்லாவிட்டால்? அதற்கும் ஒரு கவலை இருந்தது. நான் ஒருவன் பொய் வயசோடு அந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு அண்ணன் மாதிரி ஒருவரை அழைத்துவருவார்கள். அவர் படத்தை என்னுடையது மாதிரி ஆயிரம் படங்களோடு வைத்துப் பார்த்து, இது குடியா, வியாதியா, தொடக்கமா, ஒன்றுமில்லையா என்று சொல்வார்கள். ஒன்றரை வருஷம் நாங்கள் அண்ணனைக் குடிகாரர் என்று திட்டியது எதனால்? சரியான படத்தை யாரும் பார்க்காததால்.

போன வாரம், மூன்றாவது ஆள் பிறந்த தேதி கேட்டபோது வாய் வரவில்லை என்று சொன்னேனே. முதல் வருஷம் கத்தரிக்கோல் கொடுத்த அந்த நர்ஸ்தான். நான் அவளிடம் சொன்னது, "ஐ ஹேவ் ஒன் டவுட்."

நம் ஊரில் இதற்கு ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றுதான் அர்த்தம். இங்கே அப்படியில்லை போலிருக்கிறது. அவள் முகம் மாறிவிட்டது. என்னை உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், டாக்டரை அழைத்தாள். டாக்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். நான் ஆராய்ச்சியிலிருந்து விலக விரும்பினால் கையெழுத்துப் போடவேண்டிய தாள். தப்பில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை என்றார். அபியைப் போனில் பிடித்துத்தான் விளங்க வைக்க வேண்டியிருந்தது.

"என்னப்பா டவுட்டு?"

"என் வயசு தப்பும்மா."

"தப்புன்னா?"

சொன்னேன். ஊர், நடவு, காது, பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக டாக்டருக்குச் சொன்னாள். காதைத் தொடுகிற இடம் வந்ததும் டாக்டர் தன் கையைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தார். நர்ஸும் போட்டுப் பார்த்தாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஸ்போர்ட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அது எங்கள் வேலை இல்லை என்றார். கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை வருஷம் குறைவு?"

"டூ. மே பி த்ரீ."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். போன வருஷப் படத்தைத் திறந்தார் என்று நினைக்கிறேன். எனக்குத் திரை தெரியவில்லை, முகம் மட்டும் தெரிந்தது. சின்ன வயசுக்காரர், மறைக்கப் பழகவில்லை. சிரிப்பு நின்றது. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். கவலைப்படுகிறவனுக்கு இவ்வளவு போதும்.

புது வயசையும் குறித்துக்கொள்கிறேன், இரண்டு விதமாகவும் பார்ப்போம், இந்த வருஷப் படமும் வரட்டும் என்றார். பிறகு பழைய தாளை என் முன்னால் வைத்தார். தெரிவதைச் சொல்லவா, வேண்டாமா?

போனில் அபி மூச்சு விடுவது கேட்டது. அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். "உங்க இஷ்டம் அப்பா" என்றாள். தமிழில் அவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

வேண்டாம் என்று போட்டேன். போட்டுவிட்டு, கீழே இடம் இருந்தது, அங்கே அபியின் பெயரை எழுதச் சொன்னேன். அவள் எப்போது கேட்கிறாளோ அப்போது அவளுக்குச் சொல்லலாம் என்று. முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். டாக்டர் எழுதினார்.

பிறகு உடை மாற்றினேன். நர்ஸ் கருவியால் தடவினாள். கூவவில்லை. மெஷின் பலகையில் படுக்கவைத்து, காதில் பஞ்சு அடைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தை திணித்து, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றைப் பூட்டினார்கள். இறுக்கமாக இருந்தது. இடது காது மடங்கி வலித்தது. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை.

பலகை உள்ளே போனது. சத்தம் தொடங்குவதற்கு முன்னால் நர்ஸ் மைக்கில், தலையை ஆட்டாமல் இருக்கச் சொன்னாள்.

ஆட்டவில்லை அண்ணே.